ஜூமில் சேர்ந்து பாட முடியாது, தனித்தனியாகப் பாடுங்கள்

2021 ஊரடங்கில் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டார்: "எங்கள் அம்மாவுக்கு வரும் ஆகஸ்டில் எண்பது வயது முடிகிறது. அண்ணன் டொராண்டோவில், தம்பி மஸ்கட்டில், தங்கை சிட்னியில். இந்தக் கொரோனாவில் யாரும் வர வழியில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பதினோரு பேர், அம்மாவுக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடி வீடியோவாகக் கொடுக்க ஆசைப்படுகிறோம். ஜூமில் பாடிப் பார்த்தோம், ஒரே கூச்சல். உள்ளூரில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். அதில் 3,000 'காப்பிரைட் லைசென்ஸ்' கட்டணமாம். கொடுக்கலாமா, நாங்களே செய்துகொள்ள முடியுமா?"

முதல் காரியமாக அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு லைசென்ஸ் அவர் கையில் கிடையாது, அவர் வாங்கித் தரவும் போவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மீதி 15,000 பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு.

ஜூமில் கூச்சலானதற்கு உங்கள் குரலோ நெட் பிளானோ காரணமில்லை. இங்கிருந்து டொராண்டோ சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கம்பியில் வெளிச்சமே நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கம்பி சுற்றிக்கொண்டு போவதும், நடுவில் ஜூம் சேர்த்துவைத்து அனுப்புவதும் சேர்ந்தால் எளிதாகக் கால் நொடி ஆகிவிடும். கால் நொடியில் காற்றில் சத்தம் 85 மீட்டர் போகும். நாயனக்காரர் தேரடியில் நிற்க, தவில்காரர் 85 மீட்டர் தள்ளித் தெருமுனையில் நின்று வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் நீங்கள் பாடியிருக்கிறீர்கள். போதாததற்கு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் ஜூம் ஒருவரை அமுக்கிவிடும். அது பேசுவதற்காகச் செய்யப்பட்டது. எனவே 'நேரலையில் சேர்ந்திசை செய்து தருகிறோம்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அந்த மாதிரி வீடியோக்களில் நீங்கள் பார்ப்பதெல்லாம் தனித்தனியே பாடி ஒட்டியவை.

நீங்களும் அதையே செய்யப்போகிறீர்கள். குடும்பத்தில் தாளம் தப்பாமல் பாடக்கூடியவர் ஒருவர் இருப்பார். அவர் முழுப் பாட்டையும் ஸ்ருதிப்பெட்டியோடு பாடிப் பதிவு செய்யட்டும். பாட்டுக்கு முன்னால் நான்கு தட்டு தட்ட வேண்டும். அந்தப் பதிவுதான் எல்லாருக்கும் வழிகாட்டி ட்ராக். அதை ஒரு போனில் ஓடவிட்டு இயர்போனில் கேட்டுக்கொண்டே, இன்னொரு போனின் கேமரா முன் ஒவ்வொருவரும் தனியாகப் பாட வேண்டும். நான்காவது தட்டில் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி கை தட்ட வேண்டும். பதினோரு கைதட்டலையும் ஒரே கோட்டில் வைத்தால் பதினோரு குரலும் ஏறக்குறைய சேர்ந்துவிடும், மிச்சத்தைக் காதால் சரிசெய்யலாம். இதில் இதற்கு மேல் ரகசியம் எதுவும் கிடையாது.

ஸ்ருதி விஷயத்தில் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஸ்ருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். உங்களுக்கு ஐந்து கட்டை, அண்ணனுக்கு ஒரு கட்டை என்று வையுங்கள். நடுவில் மூன்று கட்டையில் வைத்தால் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டும். ட்ராக்கை ஒரு கட்டையிலேயே வையுங்கள். பெண்களுக்கு அது ஐந்து கட்டையின் மத்யம ஸ்ருதியாக, அதாவது 'ம'வையே 'ஸ'வாக வைத்துப் பாடுவதாக, அமைந்துவிடும், ஒரு ஸ்தாயி மேலே பாடிக்கொள்ளலாம். ரொம்ப மேலே போகாத பாட்டுக்குத்தான் இது ஒத்துவரும். நீங்கள் நினைத்திருக்கும் சினிமாப் பாட்டு எங்கெல்லாம் ஏறுகிறது என்று ஒரு முறை பாடிப் பாருங்கள்.

இயர்போன் வயர் வைத்ததாக இருக்கட்டும். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. ப்ளூடூத்தைக் காதில் மாட்டிக்கொண்டு அதே போனில் பதிவு செய்தால், பல ஆப்கள் போனின் நல்ல மைக்கை விட்டுவிட்டு காதில் இருக்கும் பொட்டு மைக்கைப் பிடித்துக்கொள்ளும். போன வருடம் ஒரு குடும்பத்துக்கு இதே போல் செய்து கொடுத்தேன். அவர்கள் வீட்டுப் பெரியப்பா அருமையாகப் பாடுவார். வந்து சேர்ந்த குரலோ டிரங்க் காலில் பேசுவது மாதிரி இருந்தது. மூன்று முறை பாடவைத்த பிறகுதான், அவர் காதில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதே என்று படத்தை நிறுத்திப் பார்த்தேன். ப்ளூடூத்தில் தாமதமும் உண்டு, ஆனால் கைதட்டலைப் பொருத்தும்போது அது சரியாகிவிடும். கெட்டுப்போன குரலை ஒன்றும் செய்ய முடியாது.

ட்ராக்கை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டும் பாடக் கூடாது. பதினோரு பேரின் பதிவிலும் அது கசிந்திருக்கும், சேர்த்து ஓட்டினால் கல்யாண மண்டப மைக் மாதிரி எதிரொலிக்கும். பாடும்போது ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் இல்லாத அறையாகப் பாருங்கள். புடவை பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே நின்று பாடினால் அறையின் மொட்டை எதிரொலி அடங்கும், ஸ்டுடியோவில் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சரணத்தில்தான் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள். ஒரு பாட்டியின் பதிவில் இரண்டாவது அடி முடிவில் குக்கர் விசில் வந்தது. அதை மட்டும் நான் வெட்டவில்லை, அந்த வீட்டார் வெட்ட விடவில்லை.

அப்புறம், வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். நசுக்கித்தான் அனுப்பும், முகமும் போய்விடும் குரலும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் நசுக்காது. அதிலும் போகாத அளவு பெரிய ஃபைல் என்றால் கூகுள் டிரைவ், 15 ஜிபி இலவசம். அண்ணன் டொராண்டோவிலிருந்து வீட்ரான்ஸ்ஃபர் என்ற ஃபைல் அனுப்பும் சைட்டில் அனுப்புகிறேன் என்பார், அது இங்கே திறக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 மே மாதத்தில் மத்திய அரசு அதை இங்கே முடக்கியது. தேச நலன், பொது நலன் என்று ஒரு வரிக் காரணம். ஊரே வீட்டுக்குள் அடைந்து ஃபைல் அனுப்பிப் பிழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்களைப் போன்றவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் சைட் திறக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

எடிட்டிங்குக்கு வருவோம். செலவில்லாமல் செய்ய ஆடாசிட்டியில் குரல்களைச் சேர்க்கலாம், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலோ ஷாட்கட்டிலோ படத்தைச் சேர்க்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்த பேரனோ பேத்தியோ ஒருவர் இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். முதலில் குரல்களை மட்டும் சேர்த்து முடித்துவிட்டு, பிறகு படத்தைத் தொடச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தடுக்கிவிடும். போன் கேமரா ஒரே வேகத்தில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தால் நொடிக்கு 30 படம், மங்கினால் குறைத்துக்கொள்ளும். அதனால் முதல் வரியில் உதடும் குரலும் ஒட்டியிருக்கும், மூன்றாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். எடிட் செய்வதற்கு முன்பே எல்லா ஃபைலையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் வீடியோக்காரரிடமும் இதையே கேட்டுப் பாருங்கள்: "கடைசி வரியில் உதடு விலகுமே, என்ன செய்வீர்கள்?" முழித்தார் என்றால் அந்த வேலையை அவரே செய்யப்போவதில்லை, வேறு யாருக்கோ தள்ளிவிடப்போகிறார் என்று அர்த்தம்.

2021-இல் அப்படித்தான் நடந்தது. ஊரடங்கில் கல்யாண ஆர்டர் இல்லாமல் ஸ்டுடியோக்கள் காய்ந்தன, அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் உங்களிடம் 18,000 வாங்கி, விஸ்காம் படிக்கும் பையன் ஒருவனுக்கு இரண்டாயிரம் கொடுத்துச் செய்வித்துவிட்டு, '4கே-வில் வேண்டுமென்றால் தனிக் காசு' என்பது கஷ்டமில்லை, வேறு. என்னைக் கேட்டால் பதினோரு குரல், நான்கு நிமிடப் பாட்டுக்கு ஐந்தாறாயிரம் நியாயம். பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியை வாட்டர்மார்க் இல்லாத ஃபைல் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். நீங்கள் பாடி அனுப்பிய மூல ஃபைல்களை உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு மேலும் காசு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, காப்பிரைட். வீட்டில் பாடி, பென்டிரைவில் போட்டு, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள். நம் 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு இடம் கொடுக்கிறது, இதற்காக உங்களை யாரும் தேடி வரப்போவதில்லை. யூடியூபில் ஏற்றினால்தான் கதை மாறும். அங்கே ஒரு இயந்திரம் ஒவ்வொரு வீடியோவையும் ஒட்டுக்கேட்கும். 'அன்லிஸ்டட்' என்று போட்டாலும் விடாது. 'கிளெய்ம்' என்று வந்தால் பயப்படாதீர்கள், அது 'ஸ்ட்ரைக்' அல்ல, பெரும்பாலும் விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் உரிமைக்காரர் நினைத்தால் சில நாடுகளில் மட்டும் வீடியோவை மறைத்துவிடலாம். சிட்னியில் தெரியும், மஸ்கட்டில் தெரியாது. முறையிட்டால் அது உரிமை கோரியவரிடமே போகும்.

'அப்படியானால் சினிமாப் பாட்டு வேண்டாம், கீர்த்தனை பாடுகிறோம், அதற்கு உரிமையே கிடையாதே' என்பீர்கள். பாதி சரி. நம் சட்டப்படி பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்தார், அவர் கீர்த்தனை பொதுச் சொத்து. ஆனால் அதை ஒரு வித்வான் பாடிக் கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவு வேறு சொத்து, அதற்கு வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடக் கணக்கு தனியாக ஓடும். ஆகவே நெட்டில் கிடைத்த கரோக்கியை இறக்கி அதன் மேல் கீர்த்தனை பாடினால் கீர்த்தனை பொதுச் சொத்து, கரோக்கி வேறொருவருடையது. சினிமாவில் இது தலைகீழாகவும் நடக்கும். 1960-இலோ அதற்கு முன்போ வந்த இசைத்தட்டுக்கு 2021 பிறக்கும்போதே பதிவு உரிமை தீர்ந்துவிட்டது, மெட்டுப் போட்டவர் 1990-இல் மறைந்திருந்தால் மெட்டின் உரிமை 2050 வரை இருக்கும். பாட்டும் பதிவும் இரண்டு சொத்து, இரண்டு கெடு. எதைப் பாடினாலும் பின்னணியை நீங்களே ஸ்ருதிப்பெட்டியிலும் கைத்தாளத்திலும் செய்துகொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

அம்மா உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் தூங்கவைத்த தாலாட்டு ஒன்று இருக்குமே? நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். தாலாட்டு மேலே ஏறாது, ஒரு கட்டையில் எல்லாரும் பாடிவிடலாம். யாரும் உரிமை கோரி வரவும் மாட்டார்கள்.

படத்தில் பதினோரு கட்டம் போட்டு நிரப்பாதீர்கள். எண்பது வயதுக் கண்ணுக்குப் பதினோரு தீப்பெட்டிதான் தெரியும். ஒரு நேரத்தில் அதிகபட்சம் நான்கு முகம். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது திரை முழுக்க வரட்டும், அப்போது அவர் குரலைச் சற்றுத் தூக்கிவையுங்கள். '4கே' பேச்சே வேண்டாம், 1080 தரம் போதும். எம்பி4 ஃபைலாகப் பென்டிரைவில் போட்டால் பெரும்பாலான டிவியில் ஓடும்.

ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மஸ்கட் தம்பியை இன்றே இருபது நொடி பாடி அனுப்பச் சொல்லி, அதை அம்மா வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். பென்டிரைவ் செருகும் இடம் டிவிக்குப் பின்பக்கம் இருக்கலாம். சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் கை நுழையாது, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்க வேண்டியிருக்கும்.