முத்திரை இருந்தும் நடைபாதையில் பிடித்தது ஏன்?

அங்கீகார முத்திரை உள்ள மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டியபோது ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டவே கூடாது. ஆரஞ்சு முத்திரையும் எண் தகடும் இருந்தாலும் கூடாது. அவை வண்டி அங்கீகரிக்கப்பட்டது என்பதற்குத்தான். சைக்கிள் பாதையிலும் சாலையிலும் ஓட்டலாம், விரைவுச்சாலையில் முடியாது.

“பக்கத்தில் சைக்கிளில் போனவரை விட்டுவிட்டு என்னை மட்டும் நிறுத்தினார்கள்” என்கிறீர்கள். குழப்பம் அங்கேதான் வந்திருக்கும். சாதாரண சைக்கிளுக்குப் பெரும்பாலான நடைபாதைகளில் அனுமதி உண்டு, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள். மோட்டார் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, மோட்டாரை அணைத்துவிட்டு மிதிக்கலாம் என்று நம்பியும் போகாதீர்கள்.

நாளைக்கு அதே வழியில் தரையைப் பாருங்கள். சைக்கிள் படம் வரைந்திருந்தால் ஓட்டலாம், வேகம் 25-க்குள். வெறும் கான்கிரீட் பாதை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் சைக்கிள் பாதை சட்டென்று முடிந்து நடைபாதையாகிவிடும் இடங்கள் உண்டு, அங்கே கவனம். அப்புறம், மின்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 2022 முதல் கட்டாயமான இணையத் தேர்வுச் சான்றிதழைக் கைபேசியில் வைத்திருங்கள்.

ஒன்று மட்டும்: கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலேயே வண்டி ஓடும்படி ஏதாவது மாட்டியிருந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. மாற்றியமைத்த வண்டி எந்தப் பாதையிலும் குற்றம்தான், வண்டியையே பறிமுதல் செய்யலாம். முதலில் அதைக் கழற்றுங்கள்.