மருந்தடித்த தோட்டத்துக்குள் உடனே போகக் கூடாது என்கிறார்களே, ஏன்?

பூச்சிமருந்து அடித்த பிறகு, பாதுகாப்பு உடை இல்லாமல் தோட்டத்துக்குள் போக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ, அதைத்தான் மறுநுழைவு இடைவெளி என்கிறார்கள். மருந்துக்கு மருந்து இது மாறும். சிலவற்றுக்குச் சில மணி நேரம், சிலவற்றுக்கு நாட்கணக்கு.

டேங்கைத் தோளில் சுமந்து அடிப்பவருக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். கம்பம், போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். ஏலக்காய் தூரடியில், தரையோடு ஒட்டிய சரத்தில் காய்க்கும். அதைப் பறிக்க இலைகளுக்கு அடியில் குனிந்து உட்கார வேண்டும். முந்தின நாள் இலையில் படிந்த மருந்து பனியில் கரைந்து கழுத்திலும் முதுகிலும் சொட்டும். நனைந்த ஜாக்கெட்டோடு சாயங்காலம் வரை வேலை.

மருதாணி வைத்தால் என்ன ஆகிறது? விழுதை உதறினாலும் நிறம் போவதில்லை, வைத்திருந்த நேரத்துக்குத் தக்கபடி பிடிக்கும். மருந்தும் அப்படித்தான் தோலில் இறங்கும். என்ன, நிறம் காட்டாது. குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்புச் செய்தியை அடக்கும் நொதியை முடக்கிவிடும். அப்புறம் நரம்பு ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்கும்: வியர்வை, எச்சில் ஊறல், கண்மணி சுருங்கல், மூச்சுத்திணறல். அப்படி வந்தால் உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவின் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என்றைக்கு, என்ன மருந்து அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வேலைத்துணியை வீட்டுத்துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

வாடை போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு, வாடை அடங்கிய பிறகும் இலையில் மருந்து ஒட்டியிருக்கும்.