ஜாங்கோ ஃபார்ம் வேலிடேஷன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் ஃபிரேம்வொர்க்) தளத்தில் ஆறு ஃபார்ம் இருக்கிறது. ஆறிலும் மொபைல் எண் பத்து இலக்கமா, 6 முதல் 9-க்குள் தொடங்குகிறதா என்று பார்க்கும் அதே கோட் (code). எப்படிக் குறைப்பது?

பதில்: தனி ஃபங்ஷனாக்கி ஒரு ஃபைலில் வையுங்கள். மதிப்பை வாங்கி, தப்பென்றால் வேலிடேஷன்எரர் என்ற பிழையை எழுப்பினால் போதும்; இப்படிச் சரிபார்க்கும் ஃபங்ஷன்தான் வேலிடேட்டர். அதை மாடல் (டேட்டாபேஸ் டேபிளை விவரிக்கும் கிளாஸ்) ஃபீல்டின் வேலிடேட்டர்ஸ் பட்டியலில் சேர்த்தால் மாடல்ஃபார்ம் (மாடலிலிருந்து உருவாகும் ஃபார்ம்), அட்மின் பக்கம், டிஆர்எஃப்பின் (ஏபிஐ எழுத உதவும் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்) மாடல்சீரியலைசர் மூன்றுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

கேள்வி: அப்படித்தான் செய்தேன். ஆனால் ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரை) சேவ் கொடுத்தால் தப்பான எண்ணும் உள்ளே போகிறதே, இது பக் (bug) தானா?

பதில்: பக் இல்லை. சேவ் மெத்தட் வேலிடேட்டர்களைத் தொடவே தொடாது. மாடலின் எல்லாச் சரிபார்ப்பையும் ஓட்டும் ஃபுல் க்ளீன் மெத்தடை அழைத்தால்தான் அவை ஓடும். மாடல்ஃபார்ம் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. பல வரிசைகளை ஒரே தடவையில் சேர்க்கும் பல்க் கிரியேட், மாற்றும் அப்டேட் இரண்டிலும் இதே கதைதான். எக்செல்லிலிருந்து டேட்டா ஏற்றும் ஸ்க்ரிப்ட் வழியாகத்தான் பெரும்பாலும் குப்பை சேரும். சேவ் மெத்தடையே ஓவர்ரைடு செய்து (மாற்றி எழுதி) ஃபுல் க்ளீன் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை: ஃபார்மில் இரண்டு தடவை ஓடும், பல்க் கிரியேட் அப்போதும் தப்பித்துவிடும். மீறவே கூடாத விதி என்றால் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (டேட்டாபேஸிலேயே வைக்கும் நிபந்தனை) போடுங்கள், டேட்டாபேஸே மறுத்துவிடும். ஜாங்கோ 4.1 முதல் ஃபுல் க்ளீனும் அதைச் சரிபார்க்கிறது.

கேள்வி: எண்ணைச் சரிபார்க்கும் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தை விவரிக்கும் குறியீடு) இலக்கத்துக்கு பேக்ஸ்லாஷ் டி (\d) போட்டால் போதும்தானே?

பதில்: போதாது. பைத்தானில் அது யூனிகோட் இலக்கம் எல்லாவற்றையும் ஏற்கும். ௯௮௪ என்று தமிழ் எண்ணில் அடித்தாலும் பாஸ்! எனக்குச் சந்தோஷம்தான், எஸ்எம்எஸ் அனுப்பும் சர்வீஸுக்குப் பிடிக்க வேண்டுமே. சதுர அடைப்புக்குள் 0-9 என்றே எழுதுங்கள். முடிவில் டாலர் குறியும் வேண்டாம், கடைசியில் ஒட்டிவரும் நியூலைனை (வரி முறிவு) அது உள்ளே விட்டுவிடும். ஜாங்கோவின் சொந்த வேலிடேட்டர்கள் சிலவற்றிலேயே இந்த ஓட்டை இருந்து 2015-இல் அடைத்தார்கள். அதற்குப் பதில் பேக்ஸ்லாஷுடன் பெரிய இசட் (\Z) போடுங்கள்.

கேள்வி: முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் வரக்கூடாது. இதையும் வேலிடேட்டராக எழுதலாமா சார்?

பதில்: முடியாது, வேலிடேட்டருக்கு ஒரு ஃபீல்டின் மதிப்புதான் தெரியும். ஒப்பிடும் ஃபங்ஷனைத் தனியாக எழுதி, மாடலின் க்ளீன் மெத்தடில் அழையுங்கள். அப்புறம், ஏபிஐ இருந்தால் சீரியலைசரின் வேலிடேட் மெத்தடிலும் அழைக்க வேண்டும். மாடலின் க்ளீனை டிஆர்எஃப் கூப்பிடாது.

கேள்வி: ஃபீல்டைக் காலியாக விட்டால் என் வேலிடேட்டர் ஓடவே இல்லை.

பதில்: காலி மதிப்புக்கு ஓடாது, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கட்டாயம் என்றால் ஃபார்மில் ரெக்வயர்ட், மாடலில் பிளாங்க் ஃபால்ஸ்.