பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டில் எதைக் கேட்பது? – கேள்வி பதில்

40 வருடமாக இவர் பாட்டைக் கேட்டு வருகிறேன். இசைத்தட்டுகளும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திருச்சி): ஐயா, பி.பி.எஸ். பாடியதில் சிறந்த பத்துப் பாடல்கள் எவை?

பத்து என்று எண்ணிக் கொடுக்க மனம் வரவில்லை. புதிதாகக் கேட்கிறீர்கள் என்றால் நான்கில் தொடங்குங்கள். ‘காலங்களில் அவள் வசந்தம்’ (பாவமன்னிப்பு, 1961), ‘மயக்கமா கலக்கமா’ (சுமைதாங்கி, 1962), ‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’ (நெஞ்சில் ஓர் ஆலயம், 1962), ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ (ராமு, 1966). நான்கையும் எழுதியவர் கண்ணதாசன். முதல் மூன்றுக்கு இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, ராமுவுக்கு எம்.எஸ்.வி. மட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவையே தேடிக் கேளுங்கள். எதிரொலி சேர்த்து, புது தாளம் ஒட்டிய பதிவுகளில் இந்தக் குரல் செத்துப்போகிறது.

கேள்வி (சேலம்): டி.எம்.எஸ். குரலில் இருக்கும் கம்பீரம் இவரிடம் இல்லையே? மெல்லிய குரல்தானே?

மெதுவாகப் பாடுவது வேறு, பலமில்லாமல் பாடுவது வேறு. நாடக மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்க வேண்டும், அதனால் உச்சக் குரலில் பாடினார்கள். மைக் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் பிங் க்ராஸ்பி போன்றவர்கள் மைக்கை நெருங்கி நின்று, ஒரே ஒருவரின் காதில் சொல்வது போலப் பாட ஆரம்பித்தார்கள். அவர்களைத்தான் குரூனர் என்றார்கள். தமிழில் அந்த வகைக் குரல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பி.பி.எஸ்.

அவருடைய சொத்து கீழ் ஸ்தாயி. பலருக்குக் கீழே இறங்க இறங்கக் குரல் வெறும் காற்றாகிவிடும். இவருக்கு அங்கேதான் கனம் கூடும். ‘நிலவே என்னிடம்’ பல்லவியை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எந்தச் சொல்லையும் அவர் அழுத்துவதில்லை. வரி முடிகிற இடத்தில் குரலை வெட்டாமல், தானாக அடங்க விடுகிறார். மைக் பக்கத்தில் இதைச் செய்ய மூச்சின் மேல் பெரிய கட்டுப்பாடு வேண்டும், சின்னத் தடுமாற்றம்கூட வெளியே தெரிந்துவிடும்.

அப்புறம் ‘பொன் ஒன்று கண்டேன்’ (படித்தால் மட்டும் போதுமா, 1962) கேளுங்கள். சிவாஜிக்கு டி.எம்.எஸ்., பாலாஜிக்கு பி.பி.எஸ். அதில் டி.எம்.எஸ். தன் குரலை இறக்கிக்கொண்டு இவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். எனக்கு அந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி (ஈரோடு): ‘நிலவும் மலரும் பாடுது’ எந்த வருடம் பாடினார்?

அது பி.பி.எஸ். இல்லை. ஏ.எம்.ராஜா பாடியது, தேன்நிலவு, 1961.

கேள்வி (மதுரை): பி.பி.எஸ்ஸின் ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பற்றிச் சொல்லுங்களேன்.

அதைப் பாடியவர் ஏ.எல்.ராகவன். நெஞ்சில் ஓர் ஆலயத்தில் பி.பி.எஸ். பாட்டும் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள்.

கேள்வி (ஸ்ரீரங்கம்): ‘மயக்கமா கலக்கமா’ வாலியின் வாழ்க்கையை மாற்றியது என்பது உண்மையா?

வாலியே பல தடவை சொன்ன விஷயம் அது. உங்கள் ஊர்க்காரர்தான். சென்னையில் சினிமாவுக்குப் பாட்டெழுத வாய்ப்பு கிடைக்காமல் அலுத்துப்போய், போதும், கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த நேரம். பி.பி.எஸ். அவரைப் பார்க்க வந்திருக்கிறார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று கேட்க, இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியிருக்கிறார். வாலி ஊருக்குப் போகவில்லை.

வாத்தியம் எதுவும் இல்லாமல், ஓர் அறைக்குள், ஒரே ஒருவருக்காக அந்தக் குரல் பாடியிருக்கிறது. துவண்டு கிடப்பவனுக்கு மேடையேறி அறிவுரை சொல்கிற தொனி பாட்டில் துளியும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைக்கிற தொனிதான். அதே வரிகளை யாராவது முழங்கியிருந்தால் வாலி பெட்டியைக் கட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். இருவரும் போனதும் ஒரே வருடம்: 2013 ஏப்ரலில் பி.பி.எஸ்., ஜூலையில் வாலி.

கேள்வி (கோவை): குரூனர் என்றால் ஏ.எம்.ராஜாதான் முதல். ஜெமினிக்கு அவர்தான் குரல். அவர் இடத்தைத்தான் பி.பி.எஸ். பிடித்துக்கொண்டார்.

முதல் பாதி சரி. மிஸ்ஸியம்மாவில் (1955) ‘வாராயோ வெண்ணிலாவே’, கல்யாணப் பரிசு (1959), தேன்நிலவு என்று ஜெமினிக்கு ராஜா பாடியதெல்லாம் பொக்கிஷம். கடைசி இரண்டும் இயக்குநர் ஸ்ரீதரின் படங்கள், இரண்டுக்கும் ராஜாவே இசை. 1962ல் ஸ்ரீதர் படங்களுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, பாட்டு பி.பி.எஸ்ஸுக்கு வந்தது. இதில் பிடித்துக்கொண்டார் என்பது அநியாயம். மிஸ்டர் சம்பத் என்ற இந்திப் படத்தில் 1952லேயே பாடியவர். தமிழில் வீட்டுக்கு வீடு தெரிய அவர் ஒன்பது, பத்து வருடம் காத்திருந்தார்.

கேள்வி (திருநெல்வேலி): கோவைக்காரர் சொல்வதே சரி. ராஜா குரல் பட்டு. பி.பி.எஸ்ஸிடம் சோகம் மட்டும்தான்.

‘ரோஜா மலரே ராஜகுமாரி’யில் சோகம் எங்கே? ‘அனுபவம் புதுமை’யில்? ‘பொன் என்பேன் சிறு பூவென்பேன்’? கண்ணதாசன் ‘தேன்’ ‘தேன்’ என்று அடுக்கிய ‘பார்த்தேன் சிரித்தேன்’? சோகப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுக் குரலைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி (கோவை, மறுபடியும்): சரி, ‘மாசிலா உண்மைக் காதலே’ மாதிரி எம்.ஜி.ஆருக்கு ஒன்று காட்டுங்கள்.

அதை ஒத்துக்கொள்கிறேன். அலிபாபாவில் ராஜா எம்.ஜி.ஆருக்குப் பொருந்திய மாதிரி பி.பி.எஸ். பொருந்தியதில்லை. ராஜாவின் குரல் மேலே மிதக்கிறது, இவருடையது கீழே ஊறுகிறது. இரண்டும் வேண்டும் எனக்கு. இதோடு இந்த வழக்கை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (வேலூர்): டாப் 10 பட்டியல் ப்ளீஸ்.

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பெங்களூர்): ராஜ்குமாருக்குப் பாடியவற்றில் எது சிறந்தது?

கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலே இவர்தான், 1970களில் ராஜ்குமார் தானே பாடத் தொடங்கும் வரை. அந்தப் பாட்டுகளைத் தரம் பிரிக்க எனக்குக் கன்னடம் போதாது. உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (கடலூர்): அதிகம் பேசப்படாத பாட்டு ஒன்று?

‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’. பாதை தெரியுது பார், 1960. இசை எம்.பி.ஸ்ரீனிவாசன், உடன் பாடியவர் எஸ்.ஜானகி, எழுதியவர் ஜெயகாந்தன். ஆமாம், அதே ஜெயகாந்தன்தான். கேட்டுவிட்டு ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’வுக்குப் போங்கள். கப்பலோட்டிய தமிழனுக்காக ஜி.ராமநாதன் இசையமைத்த பாரதி பாட்டு, உடன் சுசீலா. அதையும் எதிரொலி போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், பார்த்து எடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ‘துயிலாத பெண்ணொன்று கண்டேன்’ பி.பி.எஸ். தானே?

ராஜா. மீண்ட சொர்க்கம், 1960.

கேள்வி (சென்னை): அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில், தூரத்திலிருந்து. சட்டைப் பையில் கலர் கலராகப் பேனாக்கள், தலையில் தொப்பி, மேஜையில் காகிதம். எழுதிக்கொண்டே இருந்தார். பல மொழிகளில் கவிதை எழுதுவார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (நாகர்கோவில்): பாப்பாவுக்கு எட்டு மாதம். தூங்க வைக்க அவர் பாட்டு ஏதாவது?

‘சின்னச் சின்னக் கண்ணனுக்கு’, வாழ்க்கைப் படகு, 1965. சத்தத்தைக் குறைத்து வையுங்கள்மா. இரண்டு நாள் போனதும் பதிவை நிறுத்திவிட்டு நீங்களே பாடுங்கள்.