பொருந்தாத பம்பர்: வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: பழைய ஆஃப்ரோடு வண்டிக்கு இரும்புத் தகட்டில் முன் பம்பர் செய்து வாங்கினேன். போல்ட் துளைகள் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பொருந்தவில்லை. வெல்டிங் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிறகு கழற்ற முடியாது. சூட்டில் சேஸிஸ் முனையும் பலவீனப்படும். முதலில் அந்த முனையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாகி, துரு செதில் செதிலாக உதிர்ந்தால் பம்பரை ஒதுக்கிவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும். உலோகம் உறுதியாக இருந்தால், பம்பர் பிராக்கெட்டின் துளையை மட்டும் நீளவாக்கில் அராவி, தடித்த அகல வாஷர் போடுங்கள். போல்ட்டின் வலிமைத் தரம், அதன் தலையில் பொறித்திருக்கும் எண், 8.8-க்குக் குறையக் கூடாது. எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, ஜாக்கியில் பம்பரைத் தாங்கி மட்டம் பார்த்தபின் இறுக்குங்கள். வண்டியின் பாடி ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுவது; சேஸிஸில் பூட்டிய பம்பர் அதோடு ஆடாது. அதனால் மட்கார்டுக்கும் பம்பருக்கும் 15 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் முதல் பள்ளத்திலேயே பெயின்ட் உரியும். அராவிய விளிம்பில் துருப்பிடிக்காமலிருக்க ஜிங்க் பிரைமர் அடியுங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.