மேவிஸ் ஸ்டேப்பிள்ஸின் பிற்கால ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்குவது?

அமெரிக்கப் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பாடியதில் ‘ஐ வில் டேக் யூ தேர்’ மட்டும்தான் தெரியும், அறுபது வயதுக்குப் பிறகும் வரிசையாக ஆல்பம் போட்டிருக்கிறாரே, குரல் தளர்ந்த காலத்துப் பாட்டைக் கேட்கலாமா, கேட்டால் எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

2007-இல் வந்த ‘வீ வில் நெவர் டர்ன் பேக்’கில் தொடங்குங்கள். அடுத்தது 2010-இல் வந்த ‘யூ ஆர் நாட் அலோன்’. இந்த இரண்டும் பிடித்துவிட்டால் மற்றவற்றை நீங்களே தேடிப் போவீர்கள். குரல் தளர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் அவர் பாடியதிலேயே மிகச் சிறந்தவை இந்தக் காலத்துப் பாட்டுகள்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் அவருடைய அப்பாவின் கிட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா ரோபக் ஸ்டேப்பிள்ஸ். எல்லாருக்கும் ‘பாப்ஸ்’. 1914-இல் மிசிசிப்பியில் பிறந்து, டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். ப்ளூஸ் இசையின் மூலவர்களில் ஒருவரான சார்லி பேட்டனின் வாசிப்பை அங்கே நேரிலேயே கேட்டவர். பிழைப்புக்குச் சிகாகோ வந்து குடும்பம் பெருகிய பிறகு, பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, யார் மேலே பாடுவது, யார் கீழே பாடுவது என்று பிரித்துக்கொடுத்துப் பழக்கினார். முதலில் சொல்லிக்கொடுத்த பாட்டு ‘வில் தி சர்க்கிள் பீ அன்ப்ரோக்கன்’. 1948-இலிருந்து சிகாகோ தேவாலயங்களில் குடும்பமாகப் பாடினார்கள். 1956-இல் ‘அன்க்ளவுடி டே’ இசைத்தட்டு வந்தபோது, அந்தக் கனத்த கீழ்க்குரல் ஓர் ஆணுடையது என்றே ரேடியோவில் கேட்ட பலர் நினைத்தார்கள். பாடியது பதின்பருவத்து மேவிஸ்.

அந்தப் பழைய பதிவை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் பாப்ஸின் கிட்டார் தனியாகத் தெரியும். ட்ரெமலோ வைத்து வாசிப்பார். ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நடுங்கிக்கொண்டே நிற்கும். அதிகம் வாசிக்கமாட்டார். இரண்டு மூன்று தட்டு, அப்புறம் கையை எடுத்துவிடுவார். அவர் விடும் அந்த இடத்தில்தான் மேவிஸ் பாடிப் பழகினார், கிட்டத்தட்ட ஐம்பது வருடம்.

நடுவில் நடந்தவை ஒரு புத்தகத்துக்கு வரும். மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்ட பாப்ஸ், இவர் சொல்வதை நாம் பாட்டாகப் பாடலாம் என்று முடிவெடுத்தார். தேவாலயப் பாட்டு கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாட்டாக மாறியது. 1968-இல் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த ‘ஐ வில் டேக் யூ தேர்’ 1972-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பிறகு 1989-இலும் 1993-இலும் பாப் பாடகர் பிரின்ஸ் அவருக்கு இரண்டு ஆல்பம் செய்து கொடுத்தார். பிரின்ஸ் மேவிஸை மிகவும் மதித்தவர். ஆனாலும் அந்த ஆல்பங்களில் சின்தசைசரும் டிரம் மெஷினும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, மேவிஸ் மூச்சுவிட இடமில்லை. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

2000 டிசம்பரில் பாப்ஸ் காலமானார். மேவிஸுக்கு அப்போது 61 வயது. அதன் பிறகு பாடவே மனம் வராமல் வீட்டோடு முடங்கிப்போனார். அப்பா நீ பாட வேண்டும் என்றுதானே நினைத்திருப்பார் என்று அதட்டி எழுப்பியவர் அக்கா யுவான். சேர்ந்து பாடியவரும், கூடவே இருந்து வேலைகளைக் கவனித்துக்கொண்டவரும் அவர்தான். மேவிஸ் எழுந்தார். ஆனால் ஆல்பம் போட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. தன் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்தார். அலிகேட்டர் நிறுவனம் 2004-இல் அதை ‘ஹேவ் எ லிட்டில் ஃபெய்த்’ என்று வெளியிட்டது. அப்பா முதலில் சொல்லிக்கொடுத்த அந்தப் பாட்டும் அதில் இருக்கிறது. நல்ல ஆல்பம். ஆனால் அப்பா இருந்த இடத்தை நிரப்பக் கொஞ்சம் அவசரப்பட்டு நிறைய வாத்தியங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் ரை கூடர் வருகிறார். கிட்டார் கலைஞர், ‘வீ வில் நெவர் டர்ன் பேக்’கின் தயாரிப்பாளர். 1960-களின் போராட்டக் கூட்டங்களில் பாடப்பட்ட பாட்டுகளை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்து ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழுவினரையே கோரஸ் பாட அழைத்துவந்தார். தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவும் சில பாட்டுகளில் உண்டு. தாளம் கனமாக, தரையோடு தரையாக நடக்கும். கிட்டார் அளந்து பேசும். எல்லாவற்றையும்விட முக்கியம், மேவிஸ் பாட்டுக்கு நடுவே பேசத் தொடங்கினால் கூடர் வெட்டாமல் அப்படியே ஓடவிட்டார்.

முதல் பாட்டு ‘டவுன் இன் மிசிசிப்பி’. இது ஜே. பி. லெனோர் எழுதிய பழைய ப்ளூஸ், பருத்திக் காட்டு வேலையைப் பற்றியது. மேவிஸ் பாதிப் பாட்டில் தன் கதைக்குள் போய்விடுகிறார். சிறுமியாக மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் இருந்தபோது, கடைத்தெருவில் தாகத்துக்குப் பொதுக்குழாயில் தண்ணீர் குடிக்கப் போகிறார். பாட்டி இழுத்துப் பிடிக்கிறார். கறுப்பர்களுக்கு என்று பலகை போட்ட குழாய் வேறு. பிறகு டாக்டர் கிங் வந்து அந்தப் பலகைகளையெல்லாம் இறக்கவைத்தார் என்று சொல்கிறார். அதைச் சொல்லும்போது அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. கண்ணால் பார்த்தவர் பார்த்ததைச் சொல்கிற தொனி. பின்னால் தாளம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. முப்பது வயதில் இதே கதையை அவர் உச்சக் குரலில் பாடித் தள்ளியிருக்க முடியும். 67 வயதில் அந்தக் குரல் கரகரத்து, ஓரம் தேய்ந்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு கேட்கிறது. சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுகிறது. நிறுவனங்களும் தயாரிப்பாளர்களும் பல வருடம் அவர் குரலின் பலத்தைத்தான் விற்கப் பார்த்தார்கள். அந்தக் குரலுக்குள் இப்படி ஒரு சாட்சி இருந்ததைக் கூடர் கேட்டுவிட்டார்.

அதே ஆல்பத்தில் ‘மை ஓன் ஐஸ்’, ‘நைன்ட்டி நைன் அண்ட் எ ஹாஃப்’ இரண்டையும் தவறவிடாதீர்கள். இதற்கு அடுத்த வருடம், சிகாகோவில் ஹைட்அவுட் என்ற சின்ன கிளப்பில் பாடியதை நேரடிப் பதிவாக வெளியிட்டார்கள். வெளியான நாள் 2008 நவம்பர் 4. ஒபாமா ஜெயித்த தேர்தல் நாள். அதில் ரிக் ஹோம்ஸ்ட்ராமின் கிட்டாரைக் கவனியுங்கள். பாப்ஸின் அந்த நடுக்கம் அதில் இருக்கிறது. ஆனால் நகல் எடுப்பதாகத் தோன்றாது. இன்றுவரை மேவிஸின் மேடைக் குழுவுக்கு அவர்தான் அச்சாணி.

‘யூ ஆர் நாட் அலோன்’ வேறு மாதிரியானது. தயாரித்தவர் வில்கோ என்ற ராக் இசைக்குழுவின் ஜெஃப் ட்வீடி. அவரும் சிகாகோக்காரர். தன் குழுவின் சொந்த ஸ்டுடியோவிலேயே பதிவு செய்தார். பாப்ஸ் எழுதிய ‘டோன்ட் நாக்’, ‘டவுன்வர்ட் ரோடு’ என்ற பழைய பாட்டுகளைத் தூசி தட்டி எடுத்தார். வாத்தியமே இல்லாமல் குரல்கள் மட்டும் ஒலிக்கும் ‘வொண்டர்ஃபுல் சேவியர்’ பாட்டை ஸ்டுடியோவுக்கு வெளியே மாடிப்படியில் வைத்துப் பாடவைத்தார். சிகாகோ குளிர்காலம். கோட்டும் மஃப்ளரும் கொண்டுவரச் சொல்லி மாட்டிக்கொண்டுதான் பாடினேன் என்று மேவிஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தப் படிக்கட்டின் எதிரொலியை எந்தக் கருவியாலும் செய்ய முடியாது. குரல்கள் சுவரில் பட்டு ஒன்றோடொன்று சேர்ந்து திரும்புகின்றன. 1950-களின் தேவாலயப் பாட்டு எப்படி ஒலித்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டு போதும்.

இந்த ஆல்பத்தில் எனக்கு மிக நெருக்கமான பாட்டு ‘லூசிங் யூ’. ராண்டி நியூமன் எழுதியது. இழப்பை மறக்க வேண்டுமானால் காலம் வேண்டும், எனக்கு இனி அவ்வளவு காலம் மிச்சமில்லை என்பதுதான் பாட்டின் பொருள். மேவிஸின் பழக்கமான உறுமல் ஒன்றுகூட இதில் கிடையாது. குரலை ஒருமுறைகூட உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற அளவிலேயே முடித்துவிடுகிறார். வீட்டில் இதை ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “யாரு தவறிட்டாங்களாம் இந்த அம்மாவுக்கு?” என்று கேட்டார். 

2011-இல் இந்த ஆல்பத்துக்கு, அமெரிக்க மண்ணின் வேர் கொண்ட இசைக்கான அமெரிக்கானா பிரிவில் கிராமி கிடைத்தது. வாழ்நாள் சாதனைக்காகக் குடும்பக் குழுவுக்கு 2005-இலேயே மரியாதை செய்திருந்தார்கள். ஆனால் போட்டியில் மேவிஸ் வென்ற முதல் கிராமி இதுதான். பாடத் தொடங்கி அறுபது வருடம் தாண்டிய பிறகு!

ட்வீடியோடு மேலும் இரண்டு ஆல்பம் வந்தன. 2013-இன் ‘ஒன் ட்ரூ வைன்’ மெதுவானது, அடங்கியது. டிரம்ஸ் தவிர ஏறக்குறைய எல்லா வாத்தியமும் ட்வீடியே வாசித்தது. டிரம்ஸ் அவர் மகன் ஸ்பென்சர். அந்த வருடத் தொடக்கத்தில் மேவிஸின் மூத்த அக்கா கிளியோத்தா மறதி நோயில் பல வருடம் இருந்து இறந்துபோயிருந்தார். 2017-இன் ‘இஃப் ஆல் ஐ வாஸ் வாஸ் பிளாக்’ நேரடியாக அன்றைய அமெரிக்க அரசியலோடு பேசுகிறது. நோக்கம் புரிகிறது, மேவிஸும் மனதார நம்பித்தான் பாடுகிறார். ஆனால் சில பாட்டுகள் மேடைப் பேச்சின் பக்கம் சாய்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவில் 2015-இல் ஒரு ஆல்பம் வந்தது. மேலே மேவிஸ் பெயர் இருக்காது, பாப்ஸ் பெயர்தான் இருக்கும். ஆனால் அவருடைய பிற்கால ஆல்பங்களில் அதைச் சேர்க்காமல் இருக்க என்னால் முடியாது. பாப்ஸ் கடைசியாகப் பதிவு செய்த பாட்டுகள் முடியாமலே கிடந்தன. நோயில் படுத்திருந்தபோது அவற்றைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டவர், இதைத் தொலைத்துவிடாதே என்று மகளிடம் சொன்னார். ‘டோன்ட் லூஸ் திஸ்’ என்பதே ஆல்பத்தின் பெயர் ஆகிவிட்டது. பதினைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்து ட்வீடியிடம் கொடுத்தார் மேவிஸ். மேலே ஏற்றியிருந்த கூடுதல் ஓசைகளை ட்வீடி கழற்றிவிட்டு, அப்பாவின் குரலையும் கிட்டாரையும் முன்னால் கொண்டுவந்தார். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்தார். ‘சம்படி வாஸ் வாட்சிங்’ கேளுங்கள். 84 வயது மனிதரின் விரல். அதே இரண்டு மூன்று தட்டு, அதே இடைவெளி. கூடரும் ஹோம்ஸ்ட்ராமும் ட்வீடியும் இத்தனை வருடம் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது புரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-இன் ‘லிவின் ஆன் எ ஹை நோட்’ பல இளைய பாடலாசிரியர்கள் அவருக்கென்றே எழுதிக் கொடுத்தது. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. ஆனால் கடைசிப் பாட்டான ‘எம்எல்கே சாங்’ ஒன்றுக்காகவே வாங்கலாம். எம்எல்கே என்றால் மார்ட்டின் லூதர் கிங். அவருடைய கடைசிக் காலத்துப் பிரசங்கம் ஒன்றின் சொற்களுக்குக் கிட்டார் மட்டும் துணை. 2019-இன் ‘வீ கெட் பை’ பாடகர் பென் ஹார்ப்பர் எழுதித் தயாரித்தது. அதன் அட்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். புகைப்படக் கலைஞர் கோர்டன் பார்க்ஸ் 1956-இல் அலபாமாவின் மொபீல் நகரில் எடுத்தது. கறுப்பினக் குழந்தைகள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தங்களை உள்ளே விடாத பூங்காவைப் பார்க்கிறார்கள். 80 வயதை எட்டிய வருடத்தில் மேவிஸ் அந்த அட்டையின் கீழ் ‘சேஞ்ச்’ என்ற பாட்டோடு ஆல்பத்தைத் தொடங்குகிறார்.

2022-இல் வந்த ‘கேரி மீ ஹோம்’ உண்மையில் 2011-இல் உட்ஸ்டாக்கில், ‘தி பேண்ட்’ குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான லெவன் ஹெல்மின் களஞ்சிய ஸ்டுடியோவில் பாடியது. தொண்டைப் புற்றுநோயோடு பல வருடம் போராடிய ஹெல்ம் அடுத்த ஏப்ரலில் காலமானார். அதில் யுவானின் குரலும் பின்னணியில் கேட்கும். அவரும் 2018-இல் போய்விட்டார். கூட்டத்தின் கைதட்டலும் சிரிப்பும் கலந்த, உற்சாகமான பதிவு. துக்கப் பாட்டு வேண்டாம், எழுந்து ஆடுகிற மாதிரி வேண்டும் என்றால் நான் மேலே சொன்ன வரிசையை மாற்றி இதிலிருந்தே தொடங்கலாம்.

கடைசியாக வந்திருப்பது 2025 நவம்பரில் வெளியான ‘சேட் அண்ட் பியூட்டிஃபுல் வேர்ல்ட்’. தயாரிப்பு பிராட் குக். 86 வயதுக் குரல் இன்னும் மெலிந்திருக்கிறது, ஆனால் சுருதி விலகவில்லை. இதை மட்டும் முதலில் கேட்காதீர்கள். 2007-இலிருந்து படிப்படியாக வந்த பிறகு கேளுங்கள். அப்போதுதான் அவர் எங்கே குரலைக் கொடுக்கிறார், எங்கே வேண்டுமென்றே விட்டுவிடுகிறார் என்பது காதில் படும்.