ஐந்து பேர், மூன்று நாடுகள்: ரயிலா, விமானமா, வாடகைக் காரா?

கேள்வி: நானும் மனைவியும், 13 வயது மகனும், 9 வயது மகளும், 67 வயதான என் தாயாரும் வரும் மே மாதத்தில் இரண்டு வாரம் ஐரோப்பா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். பாரிஸில் நான்கு நாள், சுவிட்சர்லாந்தின் லூசர்னில் நான்கு நாள், பிறகு ஃபுளோரன்ஸ், கடைசியாக ரோம். இந்த ஊர்களுக்கு இடையே எப்படிப் போவது என்பதில்தான் குழப்பம். ரயில் பாஸின் விலையைப் பார்த்ததும் திகைத்துவிட்டோம். விமான டிக்கெட் அதைவிட மலிவு என்கிறார் நண்பர். ஐந்து பேர் இருப்பதால் கார் எடுத்துவிடுவதே லாபம் என்கிறார் மைத்துனர். இதற்கென்று சேர்த்து வைத்த பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்க எனக்கு விருப்பமில்லை. எது சரி?

பதில்: கடன் வாங்காமல் போக வேண்டும் என்ற உங்கள் முடிவு நல்லது, அதை எக்காரணம் கொண்டும் மாற்றிக்கொள்ள வேண்டாம். உங்களைக் குழப்புவது விலை அல்ல, அந்த விலைகளை ஒப்பிடும் முறை. நீங்கள் ரயில் பாஸின் மொத்த விலையைப் பார்த்திருக்கிறீர்கள். நண்பர் ஒரே ஒரு விமானப் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தைச் சொல்கிறார். மைத்துனர் காரின் நாள் வாடகையை ஐந்தால் வகுக்கிறார். மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். தங்கும் விடுதியின் வாசலிலிருந்து அடுத்த ஊர் விடுதியின் வாசல் வரை, ஐந்து பேருக்கும் அவர்களுடைய பெட்டிகளுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்பதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2023-இல் கிரீன்பீஸ் அமைப்பு ஐரோப்பாவின் 112 வழித்தடங்களை ஒப்பிட்டபோது, ரயில் கட்டணம் சராசரியாக விமானக் கட்டணத்தைப் போல் இருமடங்காக இருந்தது. பன்னாட்டு விமானங்கள் நிரப்பும் எரிபொருளுக்கு வரி கிடையாது. பன்னாட்டு விமான டிக்கெட்டுகளுக்கும் மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுவதில்லை. ரயில் நிறுவனங்களோ தண்டவாளத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம் செலுத்துகின்றன. பல நாடுகளில் ரயில் டிக்கெட்டின் மீது வரியும் உண்டு. ஆகவே திரையில் தெரியும் மலிவு பொய்யல்ல. ஆனால் உங்களைப் போன்ற ஒரு குடும்பம் இறுதியில் கொடுக்கப்போகும் தொகை அதுவல்ல.

பாரிஸிலிருந்து லூசர்ன் செல்லும் நாளையே எடுத்துக்கொள்வோம். சூரிச்சுக்கு ஒருவருக்கு 40 யூரோ என்று ஒரு மலிவு விமானச் சேவை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 200 யூரோ. அந்தக் கட்டணத்தில் இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பை மட்டுமே அடக்கம். இரண்டு வாரத் துணிமணிகளுக்குக் குறைந்தது மூன்று பெரிய பெட்டிகள் வேண்டும். பெட்டிக்கு 35 யூரோ என்றால் 105. மகளும் பாட்டியும் பெற்றோருக்குப் பக்கத்தில் அமர வேண்டுமானால் இருக்கைத் தேர்வுக்கு ஏறத்தாழ 40. பாரிஸ் நகருக்கும் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் இடையே டாக்சிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் உண்டு; 2025 நிலவரப்படி சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. ஐந்தாவது பயணிக்குத் தனியாகக் கூடுதல் தொகை உண்டு. நகர ரயிலில் போனாலும் பெரியவர் ஒருவருக்கு 13 யூரோவுக்குக் குறையாது. இத்தனையும் சேரும்போது 200 யூரோ என்று தொடங்கியது 400-ஐத் தாண்டிவிடுகிறது. சூரிச் விமான நிலையத்தில் இறங்கியபின் லூசர்னுக்கு இன்னும் ஒரு மணி நேர ரயில் பயணமும் அதற்கான டிக்கெட்டும் மிச்சம் இருக்கின்றன. டாக்சி, சோதனை, காத்திருப்பு, பெட்டிக்காக நிற்பது, மீண்டும் ரயில் என்று கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேர விமானப் பயணம் ஆறு மணி நேரத்தை விழுங்கும்.

ரயிலில் அதே தூரம்: பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் பாசெல், அங்கே ஒரு மாற்றம், அடுத்த ஒரு மணி நேரத்தில் லூசர்ன். நகரின் நடுவில் ஏறி நகரின் நடுவில் இறங்குகிறீர்கள். பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. சராசரியாக ஒருவருக்கு 70 யூரோ என்று வைத்தாலும் 350 யூரோவோடு முடிந்துவிடும். நான் எடுத்துக்கொண்ட டிக்கெட் விலைகள் உதாரணமே. நீங்கள் தேடும் நாளில் திரையில் வரும் எண்ணை அந்தந்த இடத்தில் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஐரோப்பாவின் நீண்டதூர அதிவேக ரயில்களுக்குப் பெரும்பாலும் நிலையான கட்டணம் கிடையாது. விமானத்தைப் போலவே இருக்கைகள் நிரம்ப நிரம்ப விலை ஏறும். முன்பதிவு திறந்த புதிதில் வாங்குபவருக்கும், புறப்படும் வாரத்தில் வாங்குபவருக்கும் ஒரே பெட்டியில், ஒரே வரிசையில் பல மடங்கு விலை வேறுபாடு இருப்பது அங்கே சாதாரணம். மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே தேதியை உறுதிசெய்ய முடியாதவர்களுக்கு ரயில் மலிவு என்று நான் சொல்லமாட்டேன்.

உங்களைத் திகைக்க வைத்த பாஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 11 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பெரியவரோடு இலவசம், 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி. ஆனால் அதைக் கையில் வைத்திருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்கு ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாள்தோறும் ஊர் மாறுபவர்களுக்கும், எங்கே எப்போது போவது என்று வழியில் முடிவு செய்பவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. உங்களுக்கு இருப்பது பாரிஸ்–லூசர்ன், லூசர்ன்–ஃபுளோரன்ஸ், ஃபுளோரன்ஸ்–ரோம் என்ற மூன்று நீண்ட பயணங்கள் மட்டுமே. தனித்தனி டிக்கெட்டே மலிவாக முடியும்.

பிள்ளைகளுக்கான சலுகை நாட்டுக்கு நாடு மாறுவதையும் கவனியுங்கள். சுவிட்சர்லாந்தில் பெற்றோர் அரைக்கட்டண அட்டை வாங்கினால், 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரப்படும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்கலாம். உங்கள் இரண்டு பிள்ளைகளும் அதில் அடங்குவார்கள். அந்த அரைக்கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும். ரயிலுக்கு மட்டுமல்லாமல் லூசர்ன் ஏரிப் படகுக்கும், பிலாட்டஸ் போன்ற மலை ரயில்களுக்கும் பயன்படும் என்பதால் நான்கு நாளிலேயே அதன் விலையை ஈடுகட்டிவிட வாய்ப்பு அதிகம். இத்தாலியின் அதிவேக ரயிலில் 15 வயதுக்கு உட்பட்டோர் குடும்பத்தோடு இலவசமாகச் செல்லும் சலுகை உண்டு. ஆனால் அதற்குப் பெரியவர்கள் முழு அடிப்படைக் கட்டணம் கொடுக்க வேண்டும். முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட் ஐந்து பேருக்கும் சேர்த்தே அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். 'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அழுத்திவிடாமல் இரண்டு தொகைகளையும் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இனி மைத்துனரின் கார். எரிபொருளைப் பார்த்தால் அவர் சொல்வது முழுக்கச் சரி. பாரிஸிலிருந்து ரோம் வரை உங்கள் வழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர், லிட்டர் 1.80 யூரோ என்று வைத்தால் 176 யூரோவில் ஐந்து பேரும் மூன்று நாடுகளைக் கடந்துவிடலாம். கார் கணக்கு போடுபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. பிரான்சிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலைகளில் தூரத்துக்கேற்பச் சுங்கம் உண்டு. சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் கொடுத்து, சுங்கம் கட்டியதற்கு அடையாளமான ஆண்டு வில்லை வாங்கியாக வேண்டும். ஒரு நாள் ஓட்டினாலும் ஆண்டுக் கட்டணம்தான். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விடுவதற்கு வாடகை நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அது பல நூறு யூரோ ஆகலாம், மொத்த எரிபொருள் செலவையும் மிஞ்சலாம். ஐந்து பேரும் மூன்று பெரிய பெட்டிகளும் சிறிய காரில் அடங்காது என்பதால் அடுத்த வகை காருக்குப் போக வேண்டும்; கியர் போடாத ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அதற்கும் கூடுதல். இவற்றைவிடப் பெரிய வீணடிப்பு ஒன்று உண்டு. பாரிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் ஆகிய மூன்றும் நடந்தும் நகர ரயிலிலும் பார்க்க வேண்டிய ஊர்கள். அங்கு நீங்கள் தங்கும் நாட்களிலெல்லாம் கார் கட்டண நிறுத்தத்தில் சும்மா நிற்கும். வாடகையும் ஓடும், நிறுத்தக் கட்டணமும் ஓடும்.

இத்தாலியின் பழைய நகர மையங்களில் இன்னொரு செலவு காத்திருக்கிறது. அவை அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய பகுதிகள். நுழைவாயிலில் காவலரும் இல்லை, தடுப்புக் கம்பியும் இல்லை, ஒரு கேமராவும் மின்பலகையும் மட்டுமே. அந்தப் பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரியும். இரண்டாவது சொல் காதுக்கு 'ஆக்டிவ்' போல ஒலிப்பதால் வழி திறந்திருக்கிறது என்று எண்ணிப் பலர் உள்ளே போய்விடுகிறார்கள். கட்டுப்பாடு இப்போது நடப்பில் இருக்கிறது, நுழையாதே என்பதே அதன் பொருள். பல மாதங்கள் கழித்து, உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் ஒரு தொகையை உங்கள் கார்டிலிருந்து எடுக்கும். அபராதம் தனியாக வரும். வழி தெரியாமல் அதே பகுதியைச் சுற்றிச் சுற்றி நான்கு முறை கேமராவைக் கடந்தால், நான்கு அபராதம்.

ஆகவே காரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபுளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி கிராமங்களுக்குப் பேருந்து குறைவு. தாயாரை ஏற்றி இறக்கி மாறிச் செல்வது அவருக்குச் சிரமம். அந்த இரண்டு நாளுக்கு மட்டும், நகர மையத்தில் அல்லாமல் ஃபுளோரன்ஸ் விமான நிலையத்தில் காரை எடுத்து அங்கேயே திருப்பி விடுங்கள். ஐந்தால் வகுக்கும் மைத்துனரின் கணக்கு அங்கே அப்படியே பொருந்தும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். காரை எடுக்கும்போது முன்வைப்பாக ஒரு பெருந்தொகையைக் கிரெடிட் கார்டில் முடக்குவார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. செலவாகாவிட்டாலும் அந்தத் தொகை சில நாட்கள், சில வேளை சில வாரங்கள், உங்கள் கார்டு வரம்பிலிருந்து குறைந்தே இருக்கும். ரோமில் விடுதிக்குப் பணம் கட்டும் நேரத்தில் கார்டு மறுக்கப்படாதிருக்க, விடுதிக்கு வேறொரு கார்டை ஒதுக்குங்கள்.

விமானத்துக்கு உரிய இடமும் உங்கள் திட்டத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து பாரிஸுக்குப் போய் பாரிஸிலிருந்தே திரும்பும் டிக்கெட் எடுக்காமல், பாரிஸில் இறங்கி ரோமில் ஏறும்படி பல நகர டிக்கெட்டாகத் தேடுங்கள். ரோமிலிருந்து பாரிஸுக்குத் திரும்பும் செலவும் ஒரு முழு நாளும் மிச்சம். பயணத்தில் ஏதென்ஸ் அல்லது லிஸ்பனைச் சேர்க்க நினைத்தால் அங்கே விமானம்தான் சரி. ரயிலில் ஆறு ஏழு மணி நேரத்துக்கு மேல் போகும் எந்தத் தொலைவுக்கும் நான் விமானத்தையே முதலில் பார்ப்பேன்.

வாங்கும் வரிசை முக்கியம். மலிவான ரயில் டிக்கெட்டுகளில் பல, பணம் திரும்பாதவை. விசா கையில் வரும் முன் அவற்றில் பணத்தைப் போட வேண்டாம்; விசாவுக்கு எவ்வளவு சீக்கிரம் விண்ணப்பிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விண்ணப்பித்து, அது வந்த நாளே மூன்று ரயில் பயணங்களையும் வாங்குங்கள். பாரிஸ்–லூசர்ன் பயணத்தைப் பாசெல் மாற்றத்தோடு ஒரே டிக்கெட்டாக வாங்குவது நல்லது. முதல் ரயில் தாமதமானால் அடுத்ததைத் தவறவிட்டதன் பொறுப்பு உங்கள் தலையில் விழாது. பணம் செலுத்தும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமா என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு யூரோவிலேயே கட்டுங்கள். அந்த 'வசதி'யின் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமானது.

ரோமிலிருந்து திரும்பும் நாளுக்கும் இதே கணக்குதான். நகரின் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கு நேரடி ரயில் ஒருவருக்கு 14 யூரோ. மகள் இலவசமாக வந்தாலும் நால்வருக்கு 56. பழைய மதிலுக்குள் இருக்கும் விடுதியிலிருந்து டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, ஆனால் அது நான்கு பேர் வரைக்குமானது. ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றும் பெரிய வண்டிக்கு எவ்வளவு என்று முந்தைய நாளே விடுதியில் கேட்டு வையுங்கள். சில யூரோ கூடுதலாக ஆனாலும் அன்று ரயிலை விட்டுவிட்டுத் தாயாரை விடுதி வாசலிலேயே வண்டியில் ஏற்றுங்கள்.